காப்புப் பருவம்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடிப்பூரம் நெருங்கியிருக்கும். திருநெல்வேலியில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். பெண்கள் அடுக்கடுக்காக வளையல் கொண்டுவந்து கொடுப்பார்கள். பூசை முடிந்ததும் அந்த வளையல்களே பிரசாதமாகத் திரும்பும். அதை வாங்கப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் கூட்டத்தில் ஓரமாக நிற்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மனுக்கே வளைகாப்பு நடத்திப் பார்த்த ஊர் நம்முடையது. வயிற்றில் பிள்ளை இருக்கும் பெண்ணுக்குக் காவல் வேண்டும் என்ற நினைப்பு நமக்கு அத்தனை பழையது. ‘காப்பு’ என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது.

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என் மேசையை விட்டு நகரவே இல்லை. மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு இளம் வாசகி எழுதியிருக்கிறார்.

“எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. அடுத்த வாரம் வளைகாப்பு. முதல் மூன்று, நான்கு மாதத்திலேயே நர்சம்மா இரண்டு ஊசி போட்டுவிட்டார். இப்போது டாக்டர் இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். ‘வயித்துப்பிள்ளைக்கு இத்தனை ஊசி ஆகாது, நாங்கள்லாம் என்ன ஊசி போட்டா பெத்தோம்’ என்கிறார் அத்தை. அவர் என்மேல் உயிரையே வைத்திருப்பவர். நான் யார் பேச்சைக் கேட்பது?”

கேள்வி இவர் ஒருவருடையது மட்டும் இல்லை. இந்தப் பக்கத்தை வாசிக்கும் பலர் வீட்டில் இப்போது ஒரு பெண் மாசமாக இருப்பாள். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். அந்த அத்தையின் அக்கறையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. அவரைப் போன்ற ஒருத்தியின் மடியில் வளர்ந்தவள் நான்.

என் ஆச்சிக்கு ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம், கரிசல் காடு. ஒன்பது பெற்று ஆறு தங்கியது. நாலாவதும் ஆறாவதும் பிறந்த பத்து நாளுக்குள் போய்விட்டன. இன்னொன்று நாலு வயதில். 1988இல் என் முதல் பிரசவத்துக்கு ஆச்சி வீட்டில்தான் இருந்தேன். கிராம சுகாதார செவிலியர் சைக்கிளில் வந்து, பையைத் திண்ணையில் வைத்து, “டி.டி. ஊசி போடணும்” என்றார். ஆச்சி வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“இவளுக்கு என்ன நோவு? எதுக்கு ஊசி?”

“இவங்களுக்கு நோவு ஒண்ணுமில்ல ஆச்சி. இது பிள்ளைக்கு. பிறக்கிறதுக்கு முன்னாடியே பிள்ளைக்குப் போடுற மொத ஊசி.”

“பிறக்காத பிள்ளைக்கு ஊசியா?”

அந்தச் செவிலியர் அவசரப்படவில்லை. படியில் ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறந்து இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, திடீரென்று வாயைத் திறக்க முடியாமல் போவதைச் சொன்னார். தாடை இறுகி, முகம் சிரிப்பதுபோல் இழுத்துக்கொள்வதையும், யாராவது தொட்டால், சத்தம் கேட்டால், வெளிச்சம் பட்டால் கூட உடம்பு விறைத்து வில்லாக வளைவதையும் சொன்னார். ஆச்சி ஒரு சொல் பேசவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்கு நேராக வந்து, “கையக் காட்டு” என்றாள்.

அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் போயிருந்தன. நாற்பது வருஷமாக அதற்கு அந்த வீட்டில் வேறு பெயர். தோஷம் என்றார்கள், காற்றுக் கருப்பு என்றார்கள். பத்தியம் தவறித் தின்றுவிட்டாள் என்று அவள் மாமியாரே சொல்லியிருக்கிறார்.

அந்த நோயைத்தான் தமிழில் ரண ஜன்னி என்கிறோம். வில்போல வளைப்பதால் தனுர்வாதம் என்றும் பெயர். இலங்கைத் தமிழர் ஏற்புவலி என்பார்கள். அதை உண்டாக்கும் கிருமி மண்ணிலும் ஆடுமாடுகளின் சாணத்திலும் விதைபோல உறங்கிக் கிடக்கும். சிறிது நேரக் கொதிநீரைக் கூட அந்த விதை தாங்கும். தொப்புள்கொடியை அறுக்கும் கத்தியிலோ, கட்டும் நூலிலோ, அறுத்த இடத்தில் வைக்கும் சாம்பலிலோ சாணத்திலோ அது ஒட்டியிருந்தால் போதும். காற்றுப் புகாத ஆழத்தில் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சுதான் நரம்பைப் பிடித்து இழுக்கிறது. மருத்துவம் எட்டாத இடத்தில் இந்த ஜன்னி கண்ட பச்சிளம் பிள்ளை பிழைப்பது அபூர்வம்.

மற்றத் தொற்றுநோய்களுக்கு இல்லாத குணம் ஒன்று இதற்கு உண்டு. இது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவதில்லை. அதனால் ஊரில் எல்லாரும் ஊசி போட்டிருக்கிறார்கள், நாம் தப்பிவிடுவோம் என்று இருக்க முடியாது. ஒரு முறை வந்து பிழைத்தவருக்குக்கூட அடுத்த முறைக்கான எதிர்ப்புச் சக்தி சேராது. நோயை விளைவிக்கும் நஞ்சின் அளவு அத்தனை சிறியது, உடம்பு அதை அடையாளம் கண்டு பாடம் படிக்கப் போதாது. ஆக, பிறந்த குழந்தைக்கு இதற்கான காப்பு ஒரே வழியில்தான் வந்து சேரும். ஊசி போட்டுக்கொண்ட தாயின் இரத்தத்திலிருந்து வர வேண்டும்.

தாயின் காப்பு பிள்ளைக்குப் போகிறது என்பதை முதலில் நிரூபித்துக் காட்டியவர் பால் எர்லிச் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. 1890களின் தொடக்கம் அது. அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்ட நஞ்சுகள் நம் வேலியோரத்துப் பொருள்கள் என்பதைப் படித்தபோது வியந்துபோனேன். ஒன்று ஆமணக்கு விதையின் நஞ்சு. மற்றது குன்றிமணியின் நஞ்சு. தட்டான் தராசில் பொன் நிறுக்க வைத்திருந்த அதே சிவப்புக் கறுப்பு மணி. எலிகளுக்கு அந்த நஞ்சை மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கினார். பழகிய தாய் எலி ஈன்ற குட்டிகளும் அந்த நஞ்சைத் தாங்கின. இது கருவிலேயே வந்ததா, பாலில் வந்ததா என்று கண்டுபிடிக்க அவர் செய்த காரியம் ஒரு தாய்க்கு உடனே புரியும். குட்டிகளை மாற்றி வைத்தார். பழகிய எலியின் குட்டிகளைப் பழகாத எலியிடமும், பழகாததன் குட்டிகளைப் பழகியதனிடமும் பால் குடிக்க விட்டார். இரண்டு வழியிலும் காப்பு போகிறது என்று தெரிந்தது. கருவில் பாதி, மடியில் பாதி.

மனிதத் தாய்க்கும் அப்படித்தான். நஞ்சுக்கொடி தாய்க்கும் சேய்க்கும் இடையில் நிற்கும் வெறும் தடுப்புச் சுவர் இல்லை. தாயின் இரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகையை மட்டும் அடையாளம் கண்டு, கைப்பிடித்து அழைத்துப் போய்ப் பிள்ளையின் இரத்தத்தில் சேர்க்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. நான்காம் மாதம் வாக்கில் மெல்லத் தொடங்கும் இந்த வேலை, கடைசி மூன்று மாதத்தில் வேகம் பிடிக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் அந்தப் புரதம் தாயின் அளவுக்கும், சில நேரம் தாயைவிடக் கூடுதலாகவும் இருக்கும். தனக்கு வைத்துக்கொண்டதைவிடப் பிள்ளைக்கு அதிகம் கொடுக்கும் குணத்தைத் தாயின் உடம்பே பழகி வைத்திருக்கிறது. பிறந்த பின் சீம்பால் வேறொரு வகைக் காப்பைக் குழந்தையின் வாய், தொண்டை, குடல் வழியெல்லாம் பூசிவிடுகிறது. சேனை வைக்கிறோம், கழுதைப்பால் கொடுக்கிறோம் என்று அந்த முதல் பாலைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான்.

தாய் தன்னிடம் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். இல்லாததை எப்படிக் கொடுப்பாள்? ஊசி செய்வதெல்லாம் அவள் கொடுப்பதற்கு ஒன்றை உண்டாக்கித் தருவதுதான்.

இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. 1920களில் பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தின் காஸ்டன் ரமோன், நஞ்சை ஃபார்மலினில் ஊறவைத்தால் அதன் கொல்லும் குணம் போய்விடுகிறது, ஆனால் உடம்புக்கு அதை அடையாளம் காட்டும் உருவம் மட்டும் மிஞ்சுகிறது என்று கண்டார். பல்லைப் பிடுங்கிய பாம்பைக் காட்டிப் பாம்பு இப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுப்பது போன்றது. அதைத் தாய்க்குக் கொடுத்துப் பிள்ளையைக் காக்கலாம் என்பதைக் களத்தில் காட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. நியூ கினித் தீவின் உள்காட்டில், பிரசவத்துக்கு மருத்துவமனை என்று ஒன்றே எட்டாத மக்களிடையே, ஃபிராங்க் ஸ்கோஃபீல்டும் அவருடைய தோழர்களும் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். 1961இல் முடிவு வெளிவந்தது. பிரசவம் நடந்த இடம் மாறவில்லை, கொடி அறுத்த கருவி மாறவில்லை. ஆனாலும் போதிய ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகள் பிழைத்தன. பின்னர் கொலம்பியாவின் கிராமங்களில் நடந்த சோதனையும் இதையே உறுதி செய்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஆச்சி என்னைக் கையை நீட்டச் சொன்ன அதே 1988ஆம் ஆண்டில், உலகம் முழுவதும் 7,87,000 பச்சிளம் குழந்தைகள் ரண ஜன்னியில் இறந்தன. 2018இல் அந்த எண்ணிக்கை 25,000. நம் நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழாக இந்நோய் குறைந்துவிட்டது என்று 2015இல் உறுதி செய்யப்பட்டது. சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், சுத்தமான தொப்புள் என்ற ஐந்து சுத்தங்களும், மருத்துவமனைப் பிரசவமும், சைக்கிளில் வந்த அந்தச் செவிலியர்களும் சேர்ந்து செய்த வேலை இது. தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். ஆனால் கிருமி மண்ணை விட்டுப் போய்விடவில்லை. வேலியைப் பிடுங்கினால் ஆடு மறுபடி உள்ளே வரும்.

இப்போது நம் வாசகியின் கேள்விக்கு வருகிறேன். ஏற்கெனவே இரண்டு ஊசி போட்டாயிற்றே, மூன்றாவது எதற்கு?

அரசு சுகாதார நிலையத்தில் இப்போது போடுவது பழைய டி.டி.யின் (TT) தங்கையான புதிய டி.டி. (Td) ஊசி. பெயர் ஒரே மாதிரி ஒலித்தாலும், பழையதில் ரண ஜன்னிக்கு மட்டும் காப்பு இருந்தது, புதியதில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து இருக்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் சீக்கிரமே ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய பிரசவத்தில் இரண்டும் போட்டு மூன்று ஆண்டுக்குள் மீண்டும் கருத்தரித்தால் ஊக்க ஊசி ஒன்று போதும். 36 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. தாமதமாகிவிட்டால், தாமதமாகவேனும் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்குக் காசு கிடையாது.

டாக்டர் சொல்லும் ஊசியில் இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கும். கக்குவான் இருமலுக்கான காப்பு அது. டிடாப் என்பார்கள்.

கக்குவானைப் பழைய தலைமுறை மறந்திருக்க முடியாது. மூச்சு விட இடம் கொடுக்காமல் அடுக்கடுக்காக இருமி, முடிவில் கூவுவதுபோல் மூச்சை இழுக்கும். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் போகாத இருமலாகவே தங்கிவிடும், இன்னதென்றே தெரியாது. கொஞ்ச வந்த சித்தப்பாவிடமிருந்தும், பள்ளிக்கூடம் போகும் அக்காவிடமிருந்தும் அது தொட்டிலுக்கு வந்துவிடும். இரண்டு மாதக் குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பிருக்காது. மூச்சு நின்று நீலம் பாரித்துவிடும்.

நம் நாட்டு அட்டவணைப்படி குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி ஆகியவை போடுவார்கள். கக்குவானுக்கான காப்பு அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி ஆறாம் வாரத்தில்தான் தொடங்குகிறது, பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று மூன்று தவணை. அதற்கு முன் குழந்தைக்குச் சொந்தக் காப்பு எதுவும் இல்லை. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் மூன்றாம் மாதத்துக்குக் காப்புப் பருவம் என்று பெயர் வைத்து, இந்தக் குழந்தையைக் காப்பாற்று என்று ஒவ்வொரு தெய்வமாக அழைத்துப் பாடினார்கள். பத்துப் பருவங்களில் முதலாவது அதுதான். பாட்டின் தொடக்கத்திலேயே ஏன் அத்தனை வேண்டுதல் என்று முன்பெல்லாம் நினைப்பேன். அந்த மாதங்களில் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகம் அது என்று இப்போது புரிகிறது.

இங்கிலாந்தில் 2012இல் கக்குவான் பெருகியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அங்கு கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடத் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளை 91 சதவீத அளவுக்கு அது காத்தது என்று 2014இல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். காலம் போனது, பயம் குறைந்தது. ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2023இல் 60 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2024இல் கக்குவான் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் மட்டும் 11 கைக்குழந்தைகள் போயின. பணமும் மருத்துவமனையும் இருக்கும் நாட்டுக் கதை இது.

இந்த ஊசிக்கு ஏற்ற காலம் 27ஆம் வாரத்திலிருந்து 36ஆம் வாரம் வரை. போட்டு இரண்டு வாரம் போனால்தான் தாயின் உடம்பில் போதிய எதிர்ப்புப் புரதம் ஊறும். அதன் பிறகு அது பிள்ளைக்குக் கடந்து போகவும் அவகாசம் வேண்டும். ஏழாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதத் தொடக்கம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் வளையல் அடுக்கும் மாதங்களும் அவைதான்! ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனியாகப் போட வேண்டும். போன பிரசவத்தில் ஊறியது இதற்குள் வடிந்திருக்கும். இந்திய மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பும் இதைப் பரிந்துரைக்கிறது. டி.டி.யின் இரண்டு தவணைகளில் ஒன்றை இந்த ஊசியாகவே போட்டுக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் இது பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் கிடைக்கிறது. துணை சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியிலும் இது இருக்கும் நாள் வர வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் உதவி தரும் மாநிலத்தில் அதைக் கேட்பது பேராசை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஃப்ளூ காய்ச்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் வேலை கூடுகிறது. மற்றவர்களுக்கு நாலு நாள் காய்ச்சலாகப் போவது, நிறைமாதப் பெண்ணைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடும். 1918லும் 2009லும் உலகம் அதைப் பார்த்தது. பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. வங்கதேசத்தின் டாக்காவில் 340 தாய்மாரை வைத்து நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக வந்தது. தாயின் பரிசு என்று அந்த ஆய்வுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர். செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன இந்த ஊசியை எந்த மாதத்திலும் போடலாம்.

பச்சிளம் குழந்தைகளுக்கு இளைப்பைக் கொண்டுவரும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கும் கர்ப்பிணிகளுக்கான ஊசி 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொரோனா காலத்தில் 2021 ஜூலை 2ஆம் தேதி நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு ஊசி அனுமதிக்கப்பட்டபோது எத்தனை தயக்கம் இருந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

எல்லா ஊசியும் கர்ப்பத்தில் போடக்கூடியது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அத்தையின் பயத்தில் ஒரு துளி உண்மை இருப்பது இங்கேதான். தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான ஊசிகளில் பலவீனமாக்கிய உயிர்க்கிருமி இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அவற்றைப் போடுவதில்லை. ரூபெல்லா கர்ப்பத்தில் வந்தால் பிள்ளையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும். சிட்னியில் கண் மருத்துவரான நார்மன் கிரெக் 1941இல், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரைக் கேட்டுக் கேட்டு இதைக் கண்டறிந்தார். ஆகவே அந்த ஊசியைக் கல்யாணத்துக்கு முன்போ, கருத்தரிக்க நினைப்பதற்கு ஒரு மாதம் முன்போ போட்டுக்கொள்ள வேண்டும். மகளுக்குச் சீர் எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

போட்ட இடத்தில் வலிக்கும், கை கனக்கும், சிலருக்கு இலேசாகக் காய்ச்சல் அடிக்கும். ஓரிரு நாளில் போய்விடும். காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கும் நாளிலிருந்தே தாய் சேய் அட்டையில் ஒவ்வொரு ஊசியும் தேதியோடு எழுதப்படுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு எது, எப்போது என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரோ செவிலியரோதான் முடிவு செய்ய வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசிக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். குழந்தை வந்த பிறகு, இருமலோடு வருபவர் தாத்தாவானாலும் இரண்டு நாள் கழித்துப் பார்க்கச் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொல்லாப்பைப் பிள்ளை பெற்றவள் தலையில் போடாதீர்கள்.

இனி, கடிதம் எழுதிய மகளே, உனக்கு. உன் அத்தையோடு சண்டை போடாதே. அவரையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போ. “நாங்கள்லாம் என்ன ஊசி போட்டா பெத்தோம்” என்று அவர் சொல்லும்போது, அவர் காலத்தில் தங்காமல் போன பிள்ளைகள் எத்தனை என்று மெதுவாக, அன்பாகக் கேட்டுப் பார். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வளைகாப்பும் ஆகட்டும், ஊசியும் ஆகட்டும். குழந்தைக்கு வசம்பு வளையலும் கட்டிவிடுங்கள். கட்டுவது எல்லாம் அன்புதான். ஆனால் கிருமி அஞ்சும் காப்பு உன் இரத்தத்தில் ஊறி, கொடி வழியாகப் போய்ச் சேர வேண்டும். அதை உன் ஒருத்தியால்தான் கொடுக்க முடியும்.

அன்று எனக்கு ஊசி போட்டு முடித்துச் செவிலியர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, ஆச்சி சைக்கிள் வரைக்கும் கூடவே போனாள். திண்ணையிலிருந்த எனக்குக் கேட்டது.

“ஏம்மா, அப்ப நான் தின்னதுனால இல்லையா?”

“இல்ல ஆச்சி. நீங்க ஒண்ணும் பண்ணல.”

ஆச்சி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு தெருவின் மேற்குப் பக்கத்தைக் காட்டி, “அந்தக் கடைசி வீட்லயும் ஒருத்தி மாசமா இருக்கா. வா, நானும் வாரேன்” என்றாள்.

அன்புடன்,
ஆசிரியர்